பச்சையம்மா மெஸ்ஸில் சாத்தான்

1997 ஜூன் 5, வியாழன்

இன்று மாலை ஏழரைக்கு முதல் பகுதி ஒளிபரப்பானது. பார்த்தேன். குறை சொல்ல ஒன்றும் இல்லை.

நாகர்கோவிலை விட்டு இந்த ஊருக்கு வந்த பிறகு நான் போட்ட வேஷங்கள்: வக்கீல், டாக்டர், கதாநாயகியின் பெரியப்பா, மறுபடியும் டாக்டர். கட்டிலில் கிடப்பவரைப் பார்த்து உதட்டைப் பிதுக்க ஒரு ஆள் வேண்டுமென்றால் கோடம்பாக்கத்தில் என்னைத்தான் கூப்பிடுவார்கள். இனிமேல் அப்படிக் கூப்பிட யாருக்கும் தைரியம் வராது. இனி நான் சாத்தான்.

தொடரின் பெயர் 'அந்தி வியாபாரி'. வாரம் ஒரு கதை. எதற்காகவோ ஏங்கித் தவிக்கும் ஒரு மனுஷனோ மனுஷியோ இருப்பார்கள். பொழுது சாயும் நேரத்தில் வெள்ளைக் கோட்டும் வெள்ளை வேட்டியும் கறுப்புக் குடையுமாக நான் வருவேன். "உனக்கு என்ன வேண்டும்? எனக்கு என்ன தருவாய்?" என்று கேட்பேன். அவர்கள் கேட்டது கிடைக்கும். ஒருவனிடம் தூக்கத்தையும் ஒருத்தியிடம் சிரிப்பையும் நான் எடுத்துக்கொண்டு போவேன். கடைசியில் அவர்கள் அழுவார்கள். நான் குடையை விரித்துக்கொண்டு நடப்பேன்.

"தேவசகாயம்னு பேர வச்சிக்கிட்டா இந்த வேஷம்?" என்றாள் ஜெயசீலி. என் மனைவி. பார்த்து முடிக்கும்வரை எழுந்து போகவில்லை. அதுவே பெரிய பாராட்டு.

ஜூன் 22, ஞாயிறு

கோவிலில் நாங்கள் உட்கார்ந்த பெஞ்சில் மற்ற யாரும் உட்காரவில்லை. ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது ஒரு சின்னப் பெண் என்னைப் பார்த்துவிட்டு அம்மாவின் முந்தானைக்குள் புகுந்துகொண்டது. ஜெயசீலிக்கு முகம் வாடிவிட்டது. எனக்கு அப்படி இல்லை. மேடையில் எத்தனையோ வருடம் கத்தியும் ஒரு குழந்தையைக்கூட நான் பயமுறுத்தியதில்லை.

வீடு திரும்பும்போது ஆட்டோக்காரர் காசு வாங்க மறுத்தார். மரியாதையா, பயமா என்று கேட்டேன். "ரெண்டுந்தான் சார்" என்றார்.

ஜூன் 27, வெள்ளி

இயக்குநர் கோதண்டத்தோடு ஒரு சின்னத் தகராறு. நல்ல மனிதர், ஆனால் இளகிய மனம். ஒரு கதையிலாவது சாத்தான் தோற்க வேண்டும் என்கிறார். ஒரு கிழவர் தன் பேரனுக்காக வாதாடி ஜெயிக்கிறாராம். நான் தலைகுனிந்து போகிறேனாம்.

"தலைகுனிந்தவன் மறுவாரம் குடையைத் தூக்கிக்கொண்டு வந்தால் யார் பயப்படுவார்கள், கோதண்டம்?"

"ஜனங்களுக்கு ஒரு ஆறுதல் வேணாமா சார்?"

"ஆறுதலுக்கு ஞாயிற்றுக்கிழமை படம் போடுகிறார்கள்."

சேனல்காரர்களும் என் பக்கம்தான். கதை கைவிடப்பட்டது.

ஜூலை 8, செவ்வாய்

இன்று நடந்ததை எழுதி வைக்க வேண்டும். இந்தத் தொழிலில் இப்படி ஒரு நாள் எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

சாலிகிராமத்தில் ஒரு வீட்டில் படப்பிடிப்பு. சாப்பாட்டு இடைவேளை தள்ளிப்போய், பக்கத்துத் தெருவில் இருக்கும் பச்சையம்மா மெஸ்ஸுக்குப் போனபோது மூன்று மணிக்கு மேல் ஆகிவிட்டது. நாலு மேசை, ஒரு தோசைக்கல், அலமாரிமேல் ஒரு சின்ன டி.வி. அவ்வளவுதான் கடை. பச்சையம்மா வந்தவாசிப் பக்கம். நாற்பது வயதிருக்கும். அவள் குரல் இந்த வட்டாரத்தில் பிரசித்தம். "ரெண்டு சாதா, ஒரு முட்டதோச" என்று உள்ளே மாவாட்டும் பெண்ணிடம் அவள் சொன்னால் பஸ்ஸுக்கு நிற்பவனுக்குப் பசிக்கும். வேலை செய்துகொண்டே பாடுவாள். பாட்டு நின்றால் யாரையாவது திட்டுகிறாள் என்று அர்த்தம்.

கூட்டம் கலைந்த பிறகு ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு என் மேசையருகே வந்து நின்றாள்.

"சார், ஒங்களாண்ட ஒண்ணு கேக்கணும்."

"கேளும்மா."

"இப்படி இல்ல சார். வியாழக்கெழம டி.வி.யில வர்றீங்களே, அந்த மாதிரி கேக்கணும்."

அடுத்த மேசையில் எங்கள் லைட்மேன்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சிரித்தார்கள். நான் தம்ளரைக் கீழே வைத்தேன். தோளை நிமிர்த்தினேன். குரலை அடிவயிற்றுக்கு இறக்கினேன்.

"உனக்கு என்ன வேண்டும்?"

சிரிப்பு நின்றுவிட்டது. அதை நான் கவனித்தேன்.

"ஊட்டுக்காரரு வரணும். லாரி எடுத்துக்கினு போனவரு. ரெண்டு வருசமா ஒரு சேதி கெடையாது. இருக்காரா இல்லியான்னே தெரியல."

"எனக்கு என்ன தருவாய்?"

"என்னாண்ட என்னா இருக்குது? நீங்களே கேளுங்க."

எழுதிக்கொடுத்த வசனம் இல்லை. ஒத்திகை இல்லை. ஒரு நொடி அவளைப் பார்த்தேன். தானாக வந்தது.

"உன் குரல்."

அவள் அடுப்பைப் பார்த்தாள். வாசலைப் பார்த்தாள். அப்புறம் "சரி" என்றாள். நான் கையை நீட்டினேன். அவள் தன் கையை என் கைமேல் வைத்தாள். விரலிடுக்கில் மாவு காய்ந்திருந்தது.

லைட்மேன்கள் கைதட்டினார்கள். தோசைக்குக் காசு வாங்க மாட்டேன் என்றாள். கட்டாயப்படுத்திக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஜூலை 10, வியாழன்

இன்றைய பகுதியும் பிரமாதம். குடை பிடித்த கை இன்னும் கொஞ்சம் தாழ்ந்திருக்கலாம்.

ஜூலை 29, செவ்வாய்

மேக்கப் போடும்போது லைட்மேன் ஒருவர் வந்து சொன்னார். பச்சையம்மாவின் புருஷன் திரும்பி வந்துவிட்டாராம்.

ஆள் பெயர் ஏழுமலை. விஜயவாடா பக்கம் லாரி கவிழ்ந்து கால் முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறார். முடமாக வீட்டுக்கு வர வெட்கப்பட்டு அங்கேயே ஒரு ஷெட்டில் தங்கிவிட்டார். இப்போது அந்த ஷெட்டை மூடிவிட்டதால் வந்திருக்கிறார். இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. ஆனால் வந்த நேரத்தைப் பாருங்கள். கோதண்டம் தலைகீழாக நின்றாலும் இப்படி ஒரு கதை அவருக்கு வராது.

மேக்கப் அறையில் எல்லோருக்கும் சொன்னேன். மத்தியானம் இன்னொரு தடவையும் சொன்னேன். செட்டில் என்னோடு பேசும்போது எல்லோர் குரலும் தணிந்துவிட்டது.

ஆகஸ்ட் 2, சனி

பச்சையம்மாவுக்கு வாழ்த்துச் சொல்லலாம் என்று போனேன்.

மெஸ்ஸில் ஏதோ குறைந்த மாதிரி இருந்தது. கல்லில் தோசை வேகிற சத்தம் கேட்டது. இந்தக் கடையில் அந்தச் சத்தத்தை நான் கேட்டதே இல்லை. பச்சையம்மா என்னைப் பார்த்ததும் கரண்டியை வைத்தாள். தொண்டையில் விரலை வைத்துக் காட்டிவிட்டு இரண்டு கையும் கூப்பினாள்.

ஏழுமலைதான் இலை போட்டார். ஒல்லியான மனிதர், வலது காலை இழுத்து நடக்கிறார்.

"தொண்டையில என்னமோ கோளாறு சார். டாக்டருகிட்ட வாடின்னா வரமாட்டேங்கறா. நான் வந்த அன்னிக்கு வாசல்ல நிக்கறன். பாத்தா. பேரு சொல்லிக் கூப்பிட வாயத் தொறந்தா. ஒடனே ரெண்டு கையாலயும் வாயப் பொத்திக்கினா. அதோட சரி. இன்னி வரைக்கும் ஒரு வார்த்த இல்ல."

அவருக்கு விஷயம் தெரியாது. அவள் ஏன் பேசவில்லை என்பது அவளுக்கும் எனக்கும் மட்டுமே தெரியும். லைட்மேன்களும் செட்டில் நான் சொல்லக் கேட்டவர்களும் அதை விளையாட்டென்று மறந்திருப்பார்கள்.

இரண்டு இட்லிக்கு மேல் இறங்கவில்லை. வெயில்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

போய்ச் சொல்லிவிட்டேன். சொன்னால் முடிந்துவிடும் என்றுதான் நினைத்துப் போனேன்.

"பச்சையம்மா, அது நடிப்பு. நான் சாத்தான் இல்லை. தேவசகாயம். வடபழனியில் வாடகை வீட்டில் இருக்கிறேன். மாசக் கடைசியில் கை கடிக்கும். நீ தாராளமாகப் பேசலாம்."

பொறுமையாகக் கேட்டாள். துணிக்கடைக்காரன் 'நஷ்டத்துக்குத் தர்றேன்' என்று சொல்லும்போது பெண்கள் சிரிப்பார்களே, அப்படிச் சிரித்தாள். பிறகு அலமாரிமேல் இருந்த டி.வி.யைக் காட்டினாள். என்னைக் காட்டினாள். தலையை ஆட்டினாள்.

எனக்குப் புரிந்தது. போன மாதம் வந்த கதையில் நான் தபால்காரர் வேஷத்தில் ஒரு வீட்டுக்குப் போய், "நான் அவன் இல்லை, பயப்படாதே, வாக்கை மறந்துவிடு" என்பேன். நம்பி வாக்கை மீறியவள் எல்லாவற்றையும் இழப்பாள். அந்தக் காட்சியை நான் மிக நன்றாகச் செய்திருந்தேன். இவளும் பார்த்திருக்கிறாள்.

ஆகஸ்ட் 9, சனி

ஜெயசீலியை அனுப்பினேன். நாகர்கோவிலில் டீச்சராக இருந்தவள், எடுத்துச் சொல்லத் தெரிந்தவள். என்னோடு வருவதற்காக அந்த வேலையை விட்டாள். ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்தாள்.

"கரப்பான்பூச்சியக் கண்டா கட்டில்மேல ஏறுத மனுஷன்னு சொன்னேன். ஒங்க பழைய போட்டோ எல்லாம் காட்டுனேன். கேட்டுக்கிட்டே இருந்தா. பொறவு என் கையப் புடிச்சிக்கிட்டு அழுதா."

"எதற்கு?"

"என் தாலியத் தொட்டா. ஒங்க போட்டோவத் தொட்டா. கைய விரிச்சிக் காட்டுனா. 'நீ எதக் குடுத்தே'ன்னு கேக்கா."

"நீ என்ன சொன்னே?"

ஜெயசீலி சன்னல் கதவைச் சாத்தினாள். பிறகு கொடியில் கிடந்த துணிகளை மடிக்கப் போய்விட்டாள். களைப்பாக இருந்திருக்கும்.

ஆகஸ்ட் 14, வியாழன்

இன்னும் ஒரு வருடத்துக்கு ஒப்பந்தம். சேனல் அலுவலகத்தில் காபி கொடுத்து உட்காரவைத்துப் பேசினார்கள். அந்தி வியாபாரியை ஜனங்கள் டி.வி.யில் மட்டுமே பார்க்க வேண்டுமாம். ஆகவே ஒரே ஒரு நிபந்தனை. படப்பிடிப்புக்கு வெளியே அந்த வேஷத்தில் எங்கும் போகக்கூடாது. பாத்திரத்தைச் சிறுமைப்படுத்தும் எதையும் செய்யக்கூடாது. நியாயம்தானே? கையெழுத்துப் போட்டேன்.

வீட்டில் சொன்னேன்.

"அவங்க என்ன தாராங்க?" என்றாள் ஜெயசீலி.

"ஒரு வருஷம். சம்பளமும் கூட."

"நீங்க என்ன குடுத்தீங்க?"

"ஒரு கையெழுத்து" என்றேன்.

சோறு போட்டாள். குழம்பில் புளி தூக்கலாக இருந்தது.

ஆகஸ்ட் 20, புதன்

படப்பிடிப்பு நெருக்கடி. மெஸ் பக்கம் போக நேரமில்லை.

ஆகஸ்ட் 23, சனி

நேரமில்லை.

ஆகஸ்ட் 27, புதன்

ஏழுமலை செட் வாசலுக்கே வந்துவிட்டார். எனக்குப் பெரிய இடத்து டாக்டர்கள் பழக்கம் இருக்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். டாக்டர் வேஷம் போட்டதைத் தவிர எனக்கும் டாக்டர்களுக்கும் சம்பந்தமில்லை என்றேன். சிரிக்கவில்லை.

"தொண்டைக் கோளாறு இல்ல சார். எனக்கு இப்பத்தான் வெளங்குது. கோவம். ரெண்டு வருசம் தவிக்க உட்டுட்டன்ல. அதுக்குத்தான் பேச மாட்டேங்கறா."

"அப்படி இருக்காது."

"நீங்க அவள முன்னாடி பாத்திருக்கீங்கல்ல? தூங்கறப்பக்கூடப் பேசுவா சார். அவ வாயத் தொறந்து 'நாயே'ன்னு ரெண்டு திட்டு திட்டுனா நான் கால்ல உழுந்து கெடப்பன். சும்மாவே பாத்துக்கினு இருக்கா. சோறு போடறா, தண்ணி வெக்கறா, பாக்கறா. என்னால முடியல. கடைக்கும் ஆளு கொறஞ்சி போச்சி. பிள்ளையார் சதுர்த்தி கழிஞ்சதும் கெளம்பிடலாம்னு பாக்கறன். விஜயவாடாவுல தெரிஞ்சவங்க இருக்காங்க."

"அவளிடம் சொன்னீர்களா?"

"பேசாதவளாண்ட என்னா சொல்றது?"

காலை இழுத்துக்கொண்டு போனார். அவர் போகக்கூடாது என்றுதான் அவள் பேசாமல் இருக்கிறாள். அவள் பேசாததால்தான் அவர் போகிறார். கோதண்டம் கூப்பிட்டது காதில் விழவில்லை. முதல் தடவையாக ஒரு வசனத்தை மறந்தேன். இரண்டாவது டேக்கில் சரியாகிவிட்டது.

ஆகஸ்ட் 29, வெள்ளி

கோதண்டத்திடம் கேட்டேன். "அந்தக் கிழவர் கதை இருக்கிறதே. சாத்தான் தோற்பது. எடுத்துவிடலாமே? வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கிற மாதிரி. அடுத்த வியாழனே போட வேண்டும்."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"நீங்கதானே சார் வேணாம்னீங்க? இப்ப சேனல்ல கறாரா சொல்லிட்டாங்க. அவன் தோக்கவே கூடாதாம். ஒங்க பேரைச் சொல்லித்தான் சொன்னாங்க, 'தேவசகாயம் சார் சொன்னது கரெக்ட்'னு."

என் யோசனையை அவ்வளவு மதித்திருக்கிறார்கள்.

செப்டம்பர் 1, திங்கள்

இன்று ஜெயசீலி சொன்னாள்: "நடிகன் சொன்னா அவ நம்ப மாட்டா. நடிகன் பொண்டாட்டி சொன்னாலும் நம்ப மாட்டா. யாரு வாங்குனாரோ அவரு வந்துதான் குடுக்கணும்."

"ஒப்பந்தத்தில் அதைச் செய்யக்கூடாது என்று இருக்கிறது."

"தெரியும். நீங்கதான் படிச்சிக் காட்டுனீங்களே."

என் செருப்பைத் துடைத்து வாசலில் வைத்தாள்.

செப்டம்பர் 3, புதன்

விவரமாக எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால், அது நாள் முழுக்கக் குடை பிடித்ததால்.

ஐந்தரைக்குக் கடைசி ஷாட் முடிந்தது. கோட்டைக் கழற்ற உதவிக்கு ஆள் வந்தபோது, வேண்டாம் என்றேன். குடையை எடுத்துக்கொண்டு கேட்டைத் தாண்டி நடந்தேன். "சார், சார்" என்று பின்னால் குரல் கேட்டது. திரும்பவில்லை. அந்தி வியாபாரி திரும்பிப் பார்க்கிறவன் அல்ல.

தெருவில் சைக்கிளில் வந்தவர்கள் இறங்கி நின்றார்கள். பால் பூத்தில் வரிசை கலைந்தது. பின்னாலேயே கூட்டம் வந்தது. நான் மெஸ் வாசலில் குடையை மடக்கியபோது உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கையை இலையிலேயே வைத்துக்கொண்டு பார்த்தார்கள். ஏழுமலை தண்ணீர்க் குடத்தோடு நின்றுவிட்டார்.

பச்சையம்மா கல்லுக்குப் பின்னால் இருந்தாள். என்னைப் பார்த்ததும் முதலில் புருஷனைப் பார்த்தாள். அவரை எடுத்துப்போக வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டாள். சுற்றி வந்து அவருக்கு முன்னால் நின்றுகொண்டாள்.

"பச்சையம்மா" என்றேன், அந்தக் குரலில். "உன் குரலைக் கொண்டு வந்திருக்கிறேன். எடுத்துக்கொள்."

தலையை ஆட்டினாள். வேண்டாம்.

"இது தந்திரம் இல்லை. என்னால் அதை வைத்துக்கொள்ள முடியவில்லை. பேசச் சொன்னால் பேச மாட்டேன் என்கிறது. பாடச் சொன்னால் பாடவில்லை. உன்னைத் தவிர யாருக்கும் அது கட்டுப்படாது."

மறுபடியும் தலையை ஆட்டினாள். பின்னால் கையை நீட்டி ஏழுமலையின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கேட்பது புரிந்தது. இதைத் திரும்ப வாங்கினால் அவர் என்ன ஆவார்?

இந்த இடத்தில் சொல்ல நான் ஒரு வசனம் யோசித்து வந்திருந்தேன். நல்ல வசனம். அதைச் சொல்லவில்லை. மண்டியிட்டேன். தரை எண்ணெயும் தண்ணீருமாக இருந்தது. வேட்டி நனைவது தெரிந்தது. வாசலில் யாரோ சிரித்தார்கள்.

"அவரை நான் கொண்டுவரவில்லை, பச்சையம்மா. அவராகத்தான் வந்தார். ஒருத்தரைக் கொண்டுவரவும் எனக்குத் தெரியாது, கொண்டுபோகவும் தெரியாது. அந்த அதிகாரம் எனக்கு எப்போதுமே இருந்ததில்லை. குடையைப் பிடித்துக்கொண்டு வந்து பேசுவேன். பயப்படுகிறவர்களிடம் வாங்கிக்கொள்வேன். அவ்வளவுதான் நான். உன்னிடம் பொய் சொன்னேன். நீ தைரியமாகக் கொடுத்தாய். நான் ஒன்றும் கொடுக்காமல் வாங்கிக்கொண்டேன்."

பாதியில் குரல் உடைந்துவிட்டது. அடிவயிற்றிலிருந்து வரவேண்டியது தொண்டையிலிருந்து கீச்சென்று வந்தது. கண்ணில் தண்ணீரும் வந்தது, கிளிசரின் இல்லாமல். அனுபவம் உள்ள நடிகனுக்கு இது சாத்தியம்.

"தயவு செய்து எடுத்துக்கொள்" என்றேன். கையை நீட்டினேன்.

அவள் வெகுநேரம் என் முகத்தையே பார்த்தாள். நான் அந்தக் கதைகளில் எத்தனை பேரை இப்படிப் பார்த்திருக்கிறேன். யாரும் என்னை இப்படிப் பார்த்ததில்லை. ஏழுமலையின் சட்டையை விட்டாள். என் கைமேல் தன் கையை வைத்தாள். எதையோ அள்ளுவதுபோல விரல்களை மூடி எடுத்துத் தன் கழுத்தில் வைத்துக்கொண்டாள்.

வாயைத் திறந்தாள். முதலில் வெறும் காற்றுதான் வந்தது. அப்புறம் கரகரவென்று, துருப்பிடித்த கதவு மாதிரி:

"எந்திரி. தரையெல்லாம் எண்ண."

என்னிடம் ஒருமையில்தான் பேசினாள். நான் எழுந்தேன். அவள் திரும்பி ஏழுமலையைப் பார்த்தாள். அவர் குடத்தைக் கீழே வைத்துவிட்டு அழுதுகொண்டிருந்தார்.

"என்னா பாத்துக்கினு நிக்கற? கல்லுல தோச கருகுது. ரெண்டு வருசம் எங்கய்யா போன நீ? எங்க போன? ஒரு கார்டு போடக்கூடவா கை இல்ல? காலுதான ஒடஞ்சிது, கையுமா ஒடஞ்சிது?"

குரல் ஒவ்வொரு வார்த்தைக்கும் ஏறியது. கடைசி வார்த்தை பஸ் ஸ்டாப்புக்குக் கேட்டிருக்கும். அவர் "திட்டு, இன்னும் திட்டு" என்று சொல்லிக்கொண்டே அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

என்னை யாரும் கவனிக்கவில்லை. வெளியே வந்தேன். கூட்டம் வழிவிடவில்லை. நான்தான் ஒதுங்கி நடந்தேன்.

செப்டம்பர் 4, வியாழன்

முழங்காலில் வீக்கம். ஜெயசீலி சுடுதண்ணீர் ஒத்தடம் கொடுத்தாள். டி.வி. போடவில்லை.

செப்டம்பர் 8, திங்கள்

மாலைப் பத்திரிகையில் படம் வந்துவிட்டது. எண்ணெய்த் தரையில் மண்டியிட்டு, வாயைக் கோணிக்கொண்டு நான். "தோசைக்குக் கெஞ்சிய சாத்தான்" என்று தலைப்பு. விஷயமே தப்பு.

சேனலில் பத்து நிமிடம்கூடப் பேசவில்லை. இந்தத் தடவை காபியும் இல்லை. ஒப்பந்தத்தின் அந்த வரியைப் படித்துக் காட்டினார்கள். கோதண்டம் படிக்கட்டு வரை வந்தார். வேறொரு பையனைப் பார்த்துவிட்டார்களாம், முப்பது வயது, நல்ல உயரம்.

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா காமெராவோட வந்திருப்பேன் சார்" என்றார். "நீங்க அழுததைச் சொல்றாங்க. நான் எழுதுன எதுலயும் அப்படி ஒண்ணு இல்ல."

"கேமரா இருந்திருந்தால் வந்திருக்காது" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. தொழில்நுட்பரீதியாக அதற்கு விளக்கம் இருக்கும்.

வீட்டுக்கு நடந்தே வந்தேன். ஆட்டோக்காரர்கள் காசு கேட்பார்கள்.

செப்டம்பர் 19, வெள்ளி

ஏழுமலை சதுர்த்திக்குப் பிறகும் போகவில்லை. கல்லாவில் உட்கார்ந்திருக்கிறார். அந்தத் தெருவில் போய் வருகிற லைட்மேன் சொன்னார்.

ஒரு விளம்பரப் படத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். பல்பொடி. பல்லைக் காட்டி ஒரு தாத்தா சிரிக்க வேண்டும். என் பல் வரிசை எப்போதுமே நன்றாக இருக்கும்.

அக்டோபர் 5, ஞாயிறு

கோவிலில் எங்கள் பெஞ்சில் இன்று ஒரு குடும்பம் நெருக்கி உட்கார்ந்தது. இடித்துக்கொண்டே பாட்டுப் பாடினார்கள். ஆராதனை முடிந்து, ஜெயசீலிதான் மெஸ்ஸுக்குப் போகலாம் என்றாள்.

இடமே இல்லை. சுவரோரம் நின்றோம். பச்சையம்மா கல்லில் மாவை ஊற்றிக்கொண்டே, புதிதாக வந்த நாலு பேருக்கு அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் வந்ததை அவள் பார்க்கவில்லை.

"ஐயோன்னு உழுந்தான் பாரு, என் காலாண்ட. மூக்கு, வாயெல்லாம் தண்ணி. 'தாயே, நான் ஒண்ணுமில்லாதவன், என்ன உட்டுடு'ன்றான். நான் உடுவனா? நல்லா கெடடான்னு உட்டன், அரமணி நேரம்."

அரை மணி நேரம் இல்லை. காலில் விழவும் இல்லை. மண்டிதான் போட்டேன். 'தாயே' என்ற சொல்லை நான் பயன்படுத்தவே இல்லை. திருத்தலாம் என்று ஒரு அடி எடுத்து வைத்தேன். கேட்டுக்கொண்டிருந்த நாலு பேரில் ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு, கண் மலர்ந்து நின்றிருந்தாள். அவளைப் பார்த்ததும் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டேன்.

என்றைக்காவது பச்சையம்மாவுக்கு இது நடிப்பு என்று தெரியவேண்டுமே என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன். அதைச் சொல்ல இப்போது வழியில்லை. நான் நடிகன் என்றால் அவள் சாத்தானை ஜெயிக்கவில்லை என்று ஆகிவிடும்.

இடம் கிடைத்து உட்கார்ந்தோம். பச்சையம்மாவே கொண்டுவந்து பரிமாறினாள். ஜெயசீலியின் தோளில் கை வைத்து, "நல்லா இருக்கியாக்கா?" என்றாள். பிறகு என் பக்கம் குனிந்தாள். குரலை அவள் தாழ்த்தி நான் கேட்டதே இல்லை. யாருக்கும் கேட்காமல் சொன்னாள்:

"வேற யாரு யாராண்டல்லாம் வாங்கி வெச்சிருக்கியோ, அதையும் குடுத்துடு. மனசு லேசாவும்."

நான் ஜெயசீலி பக்கம் திரும்பவில்லை. "சரிம்மா" என்றேன்.

அவள் என் இலையில் கேட்காமலே இன்னொரு தோசை வைத்தாள். "துன்னு, பாவம்" என்று சொல்லிவிட்டு, உள்ளே திரும்பி "நாலு சாதா" என்று கத்தினாள். தெருவில் ஒரு நாய் எழுந்து நின்றது. எனக்குப் பசி இல்லை. ஆனாலும் முழுவதும் சாப்பிட்டேன்.